ரெண்டு விசில் அடித்தால் இணையம்

நாவமரத்துப்பட்டியில் குப்புராஜ் ஒரு விசில் அடித்தால் தண்ணீர் வரும். இரண்டு விசில் அடித்தால் இணையம் வரும். நான் அளக்கிறேன் என்று நினைப்பவர்கள் பாப்பிரெட்டிப்பட்டியில் பஸ் ஏறி வந்து, காதாலேயே கேட்டுவிட்டுப் போகலாம். பஸ் வருமா என்று மட்டும் என்னைக் கேட்காதீர்கள்.

குப்புராஜ் எங்கள் ஊராட்சியின் மேல்நிலைத் தொட்டிக்கு ஆபரேட்டர். வேலைக்குச் சேர்ந்தபோது மீசை கறுப்பு, பல் பழுப்பு. இப்போது மீசை வெள்ளை, பல் அதே பழுப்பு. வெற்றிலை, புகையிலை எதையும் தொடாத மனிதர். பழைய ஆழ்குழாய்த் தண்ணீரில் இருந்த ஃப்ளோரைடு செய்த வேலை அது. எங்கள் பக்கத்தில் ஒரு வயதைத் தாண்டியவர்கள் யார் சிரித்தாலும் மழையில் கிடந்த தகரம் மாதிரிதான் இருக்கும். பிறகு ஒகேனக்கல் தண்ணீர் குழாய் வழியாக வந்தது. இப்போதைய பிள்ளைகள் சிரித்தால் வெள்ளையாக இருக்கிறது.

தொட்டியைப் பற்றி அவருக்குத் தெரியாதது எதுவும் இல்லை. குழாயில் காதை வைத்தால் எந்தத் தெருவில், யார் வீட்டில் மோட்டார் போட்டு உறிஞ்சுகிறார்கள் என்று சொல்லிவிடுவார். அந்த வீட்டில் என்ன குழம்பு கொதிக்கிறது என்றுகூட ஒருமுறை சொன்னாராம். அதை நான் நம்பவில்லை. அன்றைக்குக் காற்று அந்தப் பக்கமிருந்து அடித்திருக்கும்.

ஊரில் நான்கு தெரு. முதல் முறை காலனிக்கு. குழாய் முடிகிற இடம் அது. "கடைசில இருக்கறவனுக்கு மொதல்ல வுடலன்னா, அவனுக்கு என்னிக்குமே வராது" என்பார். அப்புறம் மேலத்தெரு, நடுத்தெரு, எல்லாவற்றுக்கும் பின்னால் அவருடைய சொந்தக் கிழக்குத்தெரு. முறை இல்லாத தெருக்காரர்களுக்கு அவசரம் என்றால் குடத்தைத் தூக்கிக்கொண்டு முறை இருக்கிற தெருவுக்குப் போய்ப் பிடித்து வரவேண்டும். குப்புராஜின் மனைவி உயிரோடு இருந்தவரை அப்படித்தான் செய்தாள். வால்வுச் சாவி வீட்டு ஆணியில் தொங்க, அவள் பக்கத்துத் தெருவிலிருந்து இடுப்பில் குடம் சுமந்து வருவாள். வாயில் அவருக்கான வசவும் கூடவே வரும். முறையிலிருந்து விலக்கு சாவு வீட்டுக்கு மட்டும்தான்.

இதில் தீராத பகை மேலத்தெரு தீர்த்தம்மாளுக்கு. ஊர்முறையில் அவள் குப்புராஜுக்கு அண்ணி. விருந்தாளி வந்த ஒரு நாள் வால்வுக்கு முன்னால் வந்து நின்றாள்.

"ஒரு குடம் தண்ணிக்கு எங்கூட்ல யாராச்சும் சாவணுமா கொழுந்தனாரே? சொல்லு, கெழவனத் தயார் பண்றன்."

"வேணாங்க அண்ணி. நாளைக்கி காலையில உங்க முறை வந்துடும். கெழவன் இருக்கட்டும்."

அன்றிலிருந்து அவள் வீட்டு விசேஷத்துக்குக் குப்புராஜை அழைப்பாள், ஆனால் இலையில் இரண்டாம் முறை குழம்பு ஊற்றமாட்டாள்.

இப்படி இருந்த ஊருக்குத்தான் கண்ணாடி இழைக் கம்பி வந்தது. மண்ணைத் தோண்டியும், கரண்டு கம்பத்தில் தொங்கவிட்டும், ஊராட்சி ஆபீசில் ஒரு பெட்டியில் கொண்டுவந்து முடித்தார்கள். பெட்டியிலிருந்து நான்கு தெருவுக்கும் ஒயர். தெருக் கம்பங்களில் சின்னச் சின்ன வெள்ளை டப்பா. நான்கு தெருவுக்கும் நான்கு சுவிட்ச். வைத்தவர்கள் பிரியாணி சாப்பிட்டுவிட்டுப் போனார்கள். திரும்பி வரவில்லை.

மலை மறைப்பதால் எங்கள் ஊரில் போன் கோபுரத்தின் சிக்னல் தொட்டிமேல் ஏறினால்தான் கிடைக்கும். அதனால் இந்தப் பெட்டியைச் சாமி வந்ததுபோல வரவேற்றோம். வந்த சாமி வாயைத் திறக்கவில்லை. வழியில் இருக்கிற அத்தனை ஊரும் அந்த ஒரே இழையில் தொங்கிக்கொண்டிருந்தன. நடுத்தெரு சின்னராஜ் ஒரு படத்தை இறக்க ஆரம்பித்தபோது அவன் ஆடு சினையாக இருந்தது. படம் முழுதாக இறங்கியபோது குட்டி மேயப் போயிருந்தது. வீடியோவில் பேச்சின் நடுவிலேயே கன்னம் வீங்கிய நிலையில் உறைந்து நிற்கும் உறவினர் முகங்களை நாங்கள் எல்லோருமே பார்த்திருக்கிறோம். ஊரே ஒரே நேரத்தில் உறிஞ்சினால் ஊருக்கே எதுவும் வராது. தெருவுக்குத் தெரு சண்டை.

ஊராட்சித் தலைவர் மாயவன் பெட்டியின் சாவியைக் கொண்டுவந்து குப்புராஜ் கையில் வைத்தார்.

"இதையும் நீங்களே பாத்துக்குங்கணா."

"எனக்கு இன்னா தெரியும் அதப்பத்தி?"

"தண்ணி வுடத் தெரியுமில்ல? இதுவும் குழாயில வர்றதுதான்."

மாயவன் தலைவலி தீரட்டும் என்று சொன்னதை, குப்புராஜ் வேதவாக்காக எடுத்துக்கொண்டார். மறுநாளே முறை வைத்தார். காலனி, மேலத்தெரு, நடுத்தெரு, கிழக்குத்தெரு. ஒரு தெருவுக்கு சுவிட்ச் போட்டால் மற்ற மூன்றையும் அணைத்துவிடுவார். தண்ணீருக்கு ஒரு விசில் என்பதால் இதற்கு இரண்டு. கால்வாசி நேரம்தான் வந்தது. ஆனால் வந்த நேரத்தில் பேசினால் முகம் அசைந்தது. சண்டை நின்றது.

இன்னொன்றும் செய்தார். படுக்கப் போகும் முன் எல்லாவற்றையும் அணைத்துவிடுவார். பெட்டி நிரம்ப வேண்டுமாம். அரூரிலிருந்து பெட்டியைப் பார்க்க வந்த இன்ஜினீயர் பையன் தலையில் கை வைத்துக்கொண்டான்.

"பெரியவரே, இது சேர்ற பொருள் இல்லீங்க. தொட்டி மாதிரி நிரம்பாது."

"அப்பறம் விடிகாலையில மட்டும் எப்படிங்க தம்பி வேகமா வருது?"

"அப்போ வழியில இருக்கற ஊர்ல எல்லாரும் தூங்கறாங்க. யாரும் பயன்படுத்தறதில்ல."

"அதத்தான் நானும் சொல்றன். எல்லாரும் தூங்குனா நிரம்பிடுது."

பையன் சொன்னதுதான் சரி. அவனுடைய பைக் ஸ்டார்ட் ஆன வேகத்திலேயே, மறுபடி விளக்கும் எண்ணம் அவனுக்கு இல்லை என்று தெரிந்தது.

குப்புராஜின் மகன் குரு ஓசூரில் ஒரு தொழிற்சாலையில் இருக்கிறான். நாலைந்து பேரோடு ஒரே அறை. மருமகள் பாரதியும், இப்போதுதான் ஓடப் பழகியிருக்கும் பேத்தியும் குப்புராஜோடு. பாரதி அரூரில் கல்லூரி முடித்தவள். அதற்குமேல் மெடிக்கல் கோடிங் படித்திருந்தாள். ஆஸ்பத்திரிக் குறிப்புகளைப் படித்து, நோய்க்கும் வைத்தியத்துக்கும் உரிய குறியீட்டைப் பதிகிற வேலை. வீட்டிலிருந்தே செய்யலாம். சென்னைக் கம்பெனி ஒன்று முதல் தேர்வில் அவளை எடுத்துவிட்டது. கடைசி நேர்காணல் வீடியோவில். அதில் திரையிலேயே இணையத்தின் வேகத்தை அளந்து காட்டவேண்டும். இருபது எம்.பி.பி.எஸ்-க்குக் கீழே இருந்தால் வேலை இல்லை.

குரு முன்பே சொல்லிவிட்டான்: "அங்க வேகம் இல்லன்னா கொழந்தையத் தூக்கிக்கிட்டு இங்க வந்துடு. தனி ரூம் பாக்கறன். அப்பாவ அப்பறம் பாத்துக்கலாம்." பாரதிக்கு ஓசூர் பிடிக்காமலில்லை. ஒற்றை அறையில் குழந்தையைக் கதவுக்குள் பூட்டி வைத்துக்கொண்டு வேலை செய்வது எப்படி என்பதுதான் அவளுக்குப் புரியவில்லை. ஆக அந்த இருபதுதான், ஒரு வீடு இங்கே இருக்குமா, பிரிந்து போகுமா என்பதை முடிவுசெய்யும்.

நேர்காணல் வியாழக்கிழமை முற்பகல். அது மேலத்தெருவின் முறை.

குப்புராஜ் களி உருண்டையைக் குழம்பில் தோய்க்கும் நேரமாகப் பார்த்து பாரதி ஆரம்பித்தாள்.

"மாமா, வியாழக்கிழமை ஒரு மணி நேரம் மட்டும் நம்ம தெருவ முன்னாடி போட்டுடுங்களேன்."

அவர் கை நின்றது. "மேலத்தெரு முறைம்மா அது."

"ஒரே ஒரு நாளுதான் மாமா. அப்பறம் நாம அவங்களுக்குத் திருப்பிக் குடுத்துடலாம்."

"உங்க அத்த மாசமா இருந்தப்பவும் கொடம் தூக்குனாம்மா. அப்ப மாத்தாதவன் இப்ப மாத்துனா, அவ மேல இருந்து பாத்துட்டு இருப்பா."

சாயங்காலம் குப்புராஜ் வந்தபோது, கொடியில் கிடந்த பேத்தியின் சட்டைகள் ஒரு பைக்குள் மடிந்து கிடந்தன. குழந்தை பைக்குள் தலையை விட்டு ஒவ்வொரு சட்டையாக வெளியே எடுத்துப் போட்டுக்கொண்டிருந்தது. அவர் அதைத் தடுக்கவில்லை. தானும் உட்கார்ந்து ஒரு சட்டையை எடுத்து வெளியே போட்டார்.

மறுநாள் மேலத்தெரு வால்வில் தீர்த்தம்மாள் நின்றாள். வியாழக்கிழமை அவள் வீட்டில் விசேஷம். பேரனுக்குக் காதுகுத்து. பிள்ளையைப் பெற்றவன் ரஞ்சித்குமார் குவைத்தில் லாரி ஓட்டுகிறான். பிறந்த பிறகு பிள்ளையை நேரில் பார்த்ததே இல்லை. காது குத்தும்போது வீடியோவில் பார்த்தே ஆகவேண்டும் என்று சொல்லியிருந்தான்.

"வியாழக்கெழம முறை எங்களுதுதான? கடைசி நேரத்துல தகராறு வராதே?"

"உங்களுதுதாங்க அண்ணி. வராது."

"அப்பறம் ஏன் மூஞ்சி வால்வு மூடுன மாதிரி கெடக்குது?"

அவர் வாய் தவறிச் சொல்லிவிட்டார். பாரதியின் நேர்காணல், இருபது, ஓசூர், பையில் மடிந்த சட்டைகள்.

"ஓ! அதனால எம் முறைய மாத்திக் கேக்கறியா?"

"கேக்கலீங்க."

"கேட்டா குடுத்திருப்பனா?"

"மாட்டீங்க."

"நல்லாத் தெரிஞ்சி வெச்சிருக்கற" என்று சொல்லிவிட்டு, குடத்தை இடுப்பில் ஏற்றிக்கொண்டு போனாள்.

வியாழக்கிழமை காலனி முறை முடிந்ததும் குப்புராஜ் ஆபீஸ் வாசலில் நின்று இரண்டு விசில் அடித்தார். மேலத்தெரு சுவிட்சைப் போட்டார். மற்றதை அணைத்தார். ஒரு நிமிடம் முன்னும் இல்லை, பின்னும் இல்லை. பிறகு பெட்டிக்கு எதிரே நாற்காலியைப் போட்டு, சாவு வீட்டில் உட்கார்ந்தவரைப்போல உட்கார்ந்துவிட்டார்.

கிழக்குத்தெருவில் பாரதி வீட்டு வாசலில் ஒரு சத்தம். தீர்த்தம்மாள், பட்டுப்புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு.

"ஏ பாரதி! முறை இல்லாத தெருக்காரி, முறை இருக்கற தெருவுக்குக் கொடத்தத் தூக்கிட்டு வரணும்னு உம் மாமியா சொல்லிக் குடுக்கலயா? எடுடி அந்தப் பொட்டிய!"

பாரதிக்கு அரை நொடி புரியவில்லை. புரிந்ததும் லேப்டாப்பை எடுத்தாள். தீர்த்தம்மாள் குழந்தையைத் தூக்கிக்கொண்டாள். இரண்டு பேரும் ஓடினார்கள். லேப்டாப் பாரதியின் இடுப்பில்தான் இருந்தது. பழக்கதோஷம்.

மேலத்தெருவில் பந்தல், ஒலிபெருக்கி, ஆட்டுக்கறி வாசம், தாய்மாமன் மடியில் மாலை போட்ட பிள்ளை. பாரதியைக் கேழ்வரகு மூட்டை அடுக்கிய அறையில் உட்கார வைத்தார்கள். தீர்த்தம்மாள் முதலில் ஒலிபெருக்கியின் வாயை அடைத்தாள். பிறகு கறி ஆக்காத காலி அண்டா ஒன்றைத் தூக்கிவரச் சொல்லி, பந்தலின் நடுவில் வைத்தாள்.

"எல்லாரும் போனு அணைச்சி இதுல போடுங்க. இந்தத் தெருவுல ஒருத்தன் உறிஞ்சுனாலும் சோறு கெடையாது."

மொய் வைப்பதுபோல வரிசையாக வந்து போட்டார்கள். அண்டா நிரம்பி இன்னொரு அண்டா வந்தது என்று நான் சொன்னால் கொஞ்சம் கூடுதலாக இருக்கும். முக்கால் அண்டா நிச்சயம். மூடி போட்டு, மேலே அம்மிக் குழவியை வைத்தாள்.

உள்ளே திரையில், நேர்காணல் எடுக்கும் சென்னை அம்மா வந்துவிட்டார். கேள்விகளுக்குப் பாரதி நன்றாகவே பதில் சொன்னாள். கடைசியில் வேகத்தை அளக்கச் சொன்னார். முள் ஏறியது. பத்து. பதினைந்து. பதினேழில் நின்றுவிட்டது.

"இன்னொரு முறை முயற்சி பண்ணுங்க" என்றார் சென்னை அம்மா. குரலில் இரக்கம் இருந்தது. விதியிலும் இரக்கம் இருக்கவேண்டும் என்று அவரிடம் கேட்கமுடியுமா?

பாரதி கதவுப் பக்கம் தலையைத் திருப்பி மெதுவாகச் சொன்னாள். "பெரியத்த, பதினேழுலயே நிக்குது. யாரோ உறிஞ்சறாங்க."

தீர்த்தம்மாள் பந்தலைச் சுற்றிப் பார்த்தாள். ஒவ்வொரு முகமாக முறைத்தாள். எல்லோரும் வெறுங்கையை விரித்துக் காட்டினார்கள். அப்புறம் அவள் கை தானாகத் தன் இடுப்புக்குப் போனது. அங்கே செருகியிருந்த போனில் ரஞ்சித்குமார் குவைத்திலிருந்து தலையைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்துக்கொண்டிருந்தான். அவனுக்கு அதுவரை தெரிந்ததெல்லாம் அம்மாவின் புடவை மடிப்புதான்.

ஆசாரி கம்பியைக் கையில் எடுத்துவிட்டார். "நல்ல நேரம் போவுதும்மா."

"ராஜா," என்றாள் தீர்த்தம்மாள் போனைப் பார்த்து. "அம்மா அப்பறமா கூப்பிடறன்டா."

"ம்மா, இரும்மா, இப்பத்தான்..."

அவள் அணைத்துவிட்டாள். அண்டாவின் மூடியைத் தூக்கி அதையும் உள்ளே போட்டாள். "குத்துய்யா" என்றாள் ஆசாரியிடம், முகத்தை அந்தப்பக்கம் திருப்பிக்கொண்டு.

முள் மறுபடி ஏறியது. பதினேழு. பத்தொன்பது. இருபத்திரண்டு. அதே நொடியில் பிள்ளை வீரிட்டது.

சென்னை அம்மா திடுக்கிட்டார். "என்ன சத்தம் அது?"

"காது குத்தறாங்க மேடம்."

அந்த அம்மா ஒரு கணம், தன்னைத்தான் கேலி செய்கிறாளோ என்று பார்த்திருப்பார். பாரதி லேப்டாப்பைத் தூக்கி வாசல் பக்கம் காட்டினாள். மாலை, மாமன் மடி, சிவந்த காது, பக்கத்தில் குழவிக்கல் வைத்த அண்டா. சென்னை அம்மா வாய்விட்டுச் சிரித்துவிட்டார்.

குப்புராஜ் ஆபீசை விட்டு அசையவில்லை. மேலத்தெரு முறை முடிந்து சுவிட்சை அணைத்த பிறகுதான் சாப்பிடப் போனார். அவர் இலைக்குத் தீர்த்தம்மாள் தானே குழம்பு கொண்டுவந்தாள்.

"உன் முறை ஒடையல. நல்லாத் தின்னு."

"ரஞ்சித்து பாத்தானாங்க அண்ணி?"

"இல்ல" என்றாள். இரண்டாம் முறையும் ஊற்றினாள். மறுநாள் விடிகாலையில், மேலத்தெரு முறை வருவதற்கு முன்பே குப்புராஜ் அவள் வீட்டு வாசலில் போய் நின்றார். பிள்ளையையும் அவளையும் கூட்டிக்கொண்டு தொட்டியின் படியேறினார். அங்கே தன் போனில் ரஞ்சித்குமாரைக் கூப்பிட்டுக் கொடுத்தார். அது கோபுரத்துச் சிக்னல், முறைக்குக் கட்டுப்படாதது. படம் உறைந்து உறைந்துதான் வந்தது. ஒரு காது மட்டும் தெளிவாகத் தெரிந்ததாம். ரஞ்சித்குமார் அந்த ஒரு காதையே பார்த்துக்கொண்டிருந்தான்.

வேலை கிடைத்துவிட்டது. குழந்தையின் சட்டைகள் கொடிக்குத் திரும்பின. ஆனால் வேலை என்பது ஒரு நாள் அல்லவே. வேலை நேரம் முழுக்க இருபது வேண்டும். அதனால் பாரதி தினமும் முறையின் பின்னாலேயே போகிறாள். காலையில் காலனியில் ஒரு வீட்டில், அப்புறம் மேலத்தெருவில், பிறகு நடுத்தெருவில், பொழுது சாயும்போது தன் வீட்டில். "இன்னிக்கு எங்கூட்ல உக்காரு பாரதி" என்று போட்டி. அவள் உட்கார்ந்திருக்கும் தெருவில் யாரும் படம் பார்ப்பதில்லை. "நேத்து பச்சைச் சுவர், இப்ப ரோஸ் சுவர். எத்தனை வீடும்மா உனக்கு?" என்று சென்னை அம்மா கேட்கிறாராம்.

கேட்க அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் ஒரு பெண் வேலை செய்ய ஒரு ஊர் வாயைக் கட்டிக்கொள்ள வேண்டியிருக்கிறது. இரண்டாவதாக இன்னொரு பெண்ணுக்கு வேலை கிடைத்தால்? நடுத்தெருவில் ஒருத்தி இப்போது அதே படிப்பைப் படித்துக்கொண்டிருக்கிறாள். அவளைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்த அண்டாதான் ஞாபகம் வருகிறது.

அடுத்த கிராம சபையில் இதைத் தீர்த்தம்மாள்தான் எழுப்பினாள். அதிகாரியாக வந்தவர், நாட்டுக்கு இதற்கென்று கொள்கை இருக்கிறது, திட்டம் இருக்கிறது என்றார். பொறுமையான மனிதர்.

"இருக்கட்டுங்க சார். தண்ணிக்கு ஒரு ஆளுக்கு இத்தினி லிட்டருன்னு சொல்றீங்க. இதுக்கு ஒரு வூட்டுக்கு இத்தினின்னு யாரு எழுதியிருக்காங்க? எழுதியிருந்தா, வரலன்னா யாரக் கேக்கறது? பொட்டி வெச்சவன் பிரியாணி தின்னுட்டுப் போயிட்டான்."

மாயவன் குப்புராஜையும் பேசச் சொன்னார். கூட்டத்தில் பேசி அறியாதவர். எழுந்து நின்று, விசிலைக் கையில் பிடித்துக்கொண்டார்.

"நான் முறை வெக்கறன்னு எல்லாரும் பாராட்டறாங்க. முறைங்கறது பத்தாக்கொறைக்கு வெக்கறதுங்க. பல்லக் காட்டறன், பாத்துக்குங்க. இந்தக் கறைய ஒவ்வொரு ஊரும் தனியா நின்னு போக்கியிருக்க முடியுமா? ஒகேனக்கல்லுல இருந்து மாவட்டம் பூரா பெரிய குழாயா போட்டாங்க. அதே மாதிரி இதுக்கும் பெரிய எடத்துல ஒக்காந்து, பெரிய குழாயா போடுங்க. கடைசி ஊருக்கு மொதல்ல வுடுங்க. அப்பறம் இந்த ரெண்டாவது விசில நான் அடிக்க மாட்டன்."

அதையே தீர்மானமாக எழுதினார்கள். பல்லை மட்டும் விட்டுவிட்டார்கள். தீர்மானம் போயிருக்கிறது. எந்த இழையில் தொங்குகிறதோ, பதில் இன்னும் வரவில்லை.

நேற்றுக் காலை மேலத்தெரு வால்வில் ஒரே கூச்சல். தீர்த்தம்மாள்தான். முறை முடிந்த பிறகு ஒரு குடம் கூடுதலாக வேண்டுமாம்.

"எம் மவன் பாக்கவேண்டிய காதுகுத்தையே உங்கூட்டுக்காவ வுட்டுக்குடுத்தவ நான்! ஒரு கொடத்துக்கு மூஞ்சியத் திருப்பறயே!"

"அதுக்காவ உங்க காலத் தொட்டுக் கும்புடறங்க அண்ணி," என்றார் குப்புராஜ், வால்வை இறுக்கிக்கொண்டே. "நடுத்தெருவுல இப்பத்தான் வுடறன். கொடத்த எடுத்துட்டு வாங்க."